வெண்ணெய் ஏன் திரளவில்லை?

விடியற்காலை நேரம். இருட்டு இன்னும் விலகவில்லை. ஒரு வீட்டில் "சர்... சர்..." என்று சத்தம் கேட்கிறது. மருமகள் தயிர் கடைகிறாள்.

அரை மணி நேரம் ஆகிறது. ஒரு மணி நேரமும் ஆகிவிட்டது. கை வலிக்கிறது. பானைக்குள் நுரைதான் பொங்குகிறது. வெண்ணெய் திரளவில்லை. நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான்.

மாமியார் வந்து எட்டிப் பார்க்கிறார்.

"மூணு நாளா இப்படியே இருக்கு. அன்னிக்கு எதிர்வீட்டுக்காரி வந்தாளே! 'அடேயப்பா, பானை நிறையத் தயிரா!' என்று வாயைப் பிளந்தாளே! அவ கண்ணுதான் பட்டிருக்கு" என்கிறார்.

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை. அந்த அக்கா நல்லவங்க" என்கிறாள் மருமகள்.

"உனக்கு என்ன தெரியும்? இனிமே அவளுக்கு ஒரு கரண்டி மோர்கூடக் கொடுக்காதே."

எதிர்வீட்டுப் பெண் கணவனை இழந்தவர். கூலி வேலைக்குப் போகிறவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளின் மதியச் சோற்றுக்கு இந்த வீட்டு மோர்தான். அன்றோடு மோர் நின்றது. பேச்சும் நின்றது.

இந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது? எந்த ஊரிலும் இருக்கலாம். மாடு வளர்க்கும் எல்லா ஊர்களிலும் இப்படிப்பட்ட பேச்சு உண்டு.

வெண்ணெய் திரளாததற்கு உண்மையில் யார் காரணம்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? முதலில் வெண்ணெய் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

பாலுக்குள் ஒளிந்திருக்கும் வெண்ணெய்

பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் புரதம், சர்க்கரை, சுண்ணாம்புச் சத்து, கொழுப்பு ஆகியவை கலந்திருக்கின்றன. இந்தக் கொழுப்புதான் வெண்ணெயாக மாறுகிறது.

100 கிராம் பசும்பாலில் சுமார் 4 கிராம் கொழுப்பு இருக்கும். எருமைப்பாலில் 6 முதல் 8 கிராம் வரை இருக்கும். அதனால்தான் எருமைப்பாலில் வெண்ணெய் அதிகம்.

பாலில் கொழுப்பு மிகச் சிறிய உருண்டைகளாக மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. அந்தத் தோல் இருக்கும்வரை உருண்டைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாது.

தயிரைக் கடையும்போது என்ன நடக்கிறது? மத்து சுழல்கிறது. உருண்டைகள் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. தோல் கிழிகிறது. உள்ளே இருக்கும் கொழுப்பு வெளியே வருகிறது. கொழுப்போடு கொழுப்பு ஒட்டிக்கொள்கிறது. சிறியது பெரியதாகிறது. கடைசியில் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கிறது. மீதி இருப்பது மோர்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. மோதலும் ஒட்டுதலும்தான்.

உறை முதல் உருண்டை வரை

பாட்டி காலத்து முறையைப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் பாலை நன்றாகக் காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் நோய்க் கிருமிகள் சாகும். பிறகு பாலை ஆறவிட வேண்டும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் கொஞ்சம் மோரை உறை ஊற்ற வேண்டும். அந்த மோரில் நல்ல கிருமிகள் இருக்கின்றன. அவைதான் பாலைத் தயிராக்குகின்றன. பால் கொதிக்கும்போதே உறை ஊற்றினால் அந்தக் கிருமிகளும் செத்துவிடும். தயிர் உறையாது.

கோடையில் தயிர் சீக்கிரம் உறையும். குளிர்காலத்தில் அதிக நேரம் ஆகும்.

மறுநாள் விடியற்காலையில் கடைய வேண்டும். மத்தில் கயிற்றைச் சுற்றுவார்கள். கயிற்றின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுப்பார்கள். மத்து ஒரு தடவை இப்படிச் சுழலும். மறு தடவை அப்படிச் சுழலும்.

முதலில் நுரை வரும். பிறகு நுரை அடங்கும். கடுகு கடுகாக வெண்ணெய் தெரியும். அப்போது சத்தம் மாறும். பழகியவர்கள் பானைக்குள் பார்க்கவே மாட்டார்கள். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள், "வெண்ணெய் வந்துவிட்டது" என்று.

அந்த நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றுவார்கள். வெண்ணெய் கெட்டிப்படும். கையால் வழித்து எடுப்பார்கள். இரண்டு மூன்று தடவை குளிர்ந்த நீரில் கழுவுவார்கள். ஏன் கழுவ வேண்டும்? வெண்ணெய்க்குள் மோர் தங்கினால் அது சீக்கிரம் புளித்து நாற்றம் எடுக்கும்.

நல்ல வெண்ணெயில் 100-க்கு 80 பங்கு கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். உருக்கும்போது அந்தத் தண்ணீர் போய்விடும். நெய் நிற்கும். உருக்கும்போது முருங்கை இலையோ கறிவேப்பிலையோ போடுவார்கள். அது மணம் தரும். நெய் சீக்கிரம் கெடாமலும் காக்கும்.

ஒரு கணக்குப் போடலாமா? 10 லிட்டர் பசும்பாலில் சுமார் 400 கிராம் கொழுப்பு. ஆகவே சுமார் அரை கிலோ வெண்ணெய்தான் வர முடியும். கையால் கடையும்போது கொஞ்சம் கொழுப்பு மோரிலேயே தங்கிவிடும். அதனால் அரை கிலோவுக்கும் குறைவாகவே கிடைக்கும்.

ஊருக்கு ஊர் மத்து

நம் நாட்டில் வெண்ணெய் மிகப் பழைய பொருள். குஜராத்தில் கோட்டடா பட்லி என்ற இடத்தில் சிந்துவெளிக் காலத்துப் பானை ஓடுகள் கிடைத்தன. அவை சுமார் 4,500 ஆண்டுகள் பழையவை. அந்த ஓடுகளில் பால் கொழுப்பின் தடம் இருப்பதாக 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள்.

தமிழில் மத்து என்கிறோம். கன்னடத்தில் கடகோலு என்கிறார்கள். தெலுங்கில் கவ்வம். இந்தியிலும் பஞ்சாபியிலும் மதானி. உடுப்பிக் கோயிலில் உள்ள கண்ணன் சிலையின் ஒரு கையில் மத்து இருக்கிறது. மறு கையில் கயிறு இருக்கிறது. வெண்ணெய் திருடிய கண்ணன் கதை தெரியாத ஊரே இல்லை. மகாராஷ்டிரத்தில் கோகுலாஷ்டமி சமயத்தில் உயரத்தில் பானை கட்டுவார்கள். இளைஞர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி அதை உடைப்பார்கள்.

லடாக்கில் கடும் குளிர். அங்கே மாடு மேய்ப்பவர்கள் ஆட்டுத்தோல் பையில் தயிரை ஊற்றிக் கட்டுவார்கள். பையை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். வெண்ணெய் திரளும். அந்த வெண்ணெயை உப்புப் போட்ட தேநீரில் கலந்து குடிப்பார்கள். மரக்குழாயில் அதைக் கடையும்போது "குர்... குர்..." என்று சத்தம் வரும். அதனால் அந்தத் தேநீருக்கே "குர்குர் சா" என்று பெயர்.

பானை வேறு. பை வேறு. பேச்சு வேறு. ஆனால் வேலை ஒன்றுதான். கொழுப்பு உருண்டைகளை மோதவிட வேண்டும்.

திரளாததற்குக் காரணங்கள்

இனி அந்த வீட்டுக் கேள்விக்கு வருவோம். வெண்ணெய் ஏன் திரளாது?

முதல் காரணம், சூடு. வெண்ணெய் சுமார் 32 முதல் 35 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். கோடையில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் கடைந்தால் கொழுப்பு இளகி மோரோடு போய்விடும். ஆகவே கோடையில் விடியற்காலையில் கடைய வேண்டும். பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டலாம். குளிர்ந்த தண்ணீர் சேர்க்கலாம்.

இரண்டாவது காரணம், குளிர். அதிகம் குளிர்ந்தால் கொழுப்பு கல்லாக இறுகும். எவ்வளவு கடைந்தாலும் ஒட்டாது. அப்போது கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மூன்றாவது காரணம், உறை. தயிர் சரியாகப் புளிக்காவிட்டால் வெண்ணெய் வர நேரமாகும். உறைமோர் பழையதாக இருந்தாலும், பானை அழுக்காக இருந்தாலும் தயிர் கெடும்.

நான்காவது காரணம், மாட்டின் நிலை. கன்று போட்டுப் பல மாதம் ஆன மாடு, பால் வற்றும் நிலையில் இருக்கும். அந்தப் பாலைக் கடைந்தால் வெண்ணெய் எளிதில் திரளாது. தீவனம் மாறினாலும் வெண்ணெய் மாறும். பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் வெண்ணெய் கெட்டியாக இருக்கும். பச்சைப்புல் நிறையத் தின்ற பசுவின் வெண்ணெய் மஞ்சளாக இருக்கும்.

ஐந்தாவது காரணம், நோய். இதுதான் முக்கியமானது. மடிநோய் வந்தால் பால் நீர்த்துப்போகும். தயிர் சரியாக உறையாது. வெண்ணெய் குறையும். மடி வீங்கும். தொட்டால் சுடும். காம்பு கல்லாக இருக்கும். மாடு கறக்கவிடாமல் உதைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பால் கறக்கத் தொடங்கும்போது முதல் இரண்டு மூன்று பீச்சுகளை ஒரு கறுப்புத் துணியில் விடுங்கள். ஒவ்வொரு காம்பையும் தனித்தனியே பாருங்கள். துணியில் திரி திரியாகவோ கட்டியாகவோ தெரிந்தால் மடிநோய். உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

மருந்து கொடுத்த மாட்டின் பாலிலும் மருந்து இறங்கும். அந்தப் பால் உறையாமல் போகலாம். மருந்து தயிரின் நல்ல கிருமிகளையும் கொல்லும். மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைக் குடிக்கக் கூடாது. விற்கவும் கூடாது.

வெண்ணெயும் நம்பிக்கையும்

வெண்ணெயைச் சுற்றிப் பல நம்பிக்கைகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

சில நம்பிக்கைகளில் அனுபவ அறிவு இருக்கிறது. "சூரியன் ஏறும் முன் கடைந்துவிடு" என்பார்கள். அது குளிர்ச்சிக்காக. "குளித்துவிட்டு மத்தைத் தொடு" என்பார்கள். அது சுத்தத்துக்காக. "விளக்கு வைத்த பிறகு தயிர் கொடுக்காதே. லட்சுமி போய்விடுவாள்" என்பார்கள். இருக்கும் தயிரை எல்லாம் கொடுத்துவிட்டால் இரவுப் பாலுக்கு உறை ஏது? அதை நினைத்தும் பெரியவர்கள் சொல்லியிருக்கலாம்.

சில நம்பிக்கைகளால் கெடுதல் இல்லை. கன்று போட்ட பிறகு எடுத்த முதல் வெண்ணெயைச் சாமிக்கு வைப்பார்கள். பிறகு குழந்தைக்குக் கொடுப்பார்கள். மாட்டின் கழுத்தில் கறுப்புக் கயிறும் சோழியும் கட்டுவார்கள். பாலைத் தெருவில் கொண்டுபோகும்போது மூடி, மேலே கரித்துண்டு வைப்பார்கள். பாலை மூடுவது நல்லதுதானே!

ஆனால் சில நம்பிக்கைகள் மனிதர்களைச் சுடுகின்றன. "அவள் கண் பட்டது." "இவள் கால் பட்டது." "விதவை எதிரே வந்தாள்." "தீட்டுப் பெண் தொட்டாள்." இவை எல்லாம் ஒருவர் மேல் பழி போடுகின்றன. பழி சுமப்பவர் யார்? பெரும்பாலும் ஏழைப் பெண். அல்லது தனியாக வாழும் பெண். எதிர்த்துப் பேச ஆள் இல்லாத பெண்.

வெள்ளைக்காரர் நாட்டிலும் இதே கதைதான். அயர்லாந்தில் மே மாதம் முதல் நாள் பாலையோ வெண்ணெயையோ பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வருடம் முழுவதும் வெண்ணெய் போய்விடும் என்று அந்தக் காலத்தில் பயந்தார்கள். இங்கிலாந்தில் வெண்ணெய் திரளாவிட்டால் "சூனியக்காரி வேலை" என்றார்கள். அவளை விரட்டப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பாலேட்டில் விட்டார்கள். சில நேரம் வெண்ணெய் உடனே திரண்டது! "பார்த்தீர்களா, சூனியக்காரி ஓடிவிட்டாள்" என்றார்கள்.

ஓடியது எது? குளிர்தான். சூடான இரும்பு, குளிர்ந்து கிடந்த பாலேட்டுக்குத் தேவையான சூட்டைக் கொடுத்தது. வெண்ணெய் திரண்டது. பழி மட்டும் ஒரு பெண் தலையில் விழுந்தது.

யார் தொட்டால் கெடும்?

மாதவிலக்கு நாளில் பெண் தயிரைத் தொட்டால் கெட்டுவிடும் என்று பல வீடுகளில் சொல்வார்கள். இது உண்மையா?

தயிர் கெடுவது கிருமியால். அழுக்குக் கையால் யார் தொட்டாலும் கெடும். ஆண் தொட்டாலும் கெடும். சோப்புப் போட்டுக் கழுவிய கையால் யார் தொட்டாலும் கெடாது. மாதவிலக்குக்கும் தயிருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நீலகிரி மலையில் தோடர் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு எருமை புனிதமானது. பால் வைக்கும் குடிலே அவர்களுக்குக் கோயில். அவர்களுடைய பழைய வழக்கப்படி ஆண்கள்தான் அங்கே பால் கறந்து, தயிர் கடைய வேண்டும். பெண்கள் உள்ளே போகக் கூடாது.

சமவெளியிலோ தலைமுறை தலைமுறையாகப் பெண்கள்தான் கடைகிறார்கள். பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் பெண்கள்தான் கடைகிறார்கள். பெண் கை பட்டால் வெண்ணெய் கெடும் என்றால் இந்த ஊர்களில் வெண்ணெயே இருந்திருக்காதே! வழக்கம் ஊருக்கு ஊர் மாறுகிறது. வெண்ணெயின் குணம் மாறவில்லை.

பழி எங்கே போய் முடியும்?

"இது வெறும் பேச்சுதானே" என்று சிலர் நினைக்கலாம். அப்படி விட்டுவிட முடியாது.

வட இந்தியாவில் சில பகுதிகளில் மாடு செத்தாலும், பால் வற்றினாலும், குழந்தைக்கு நோய் வந்தாலும் ஒரு பெண்ணை "டாயன்" என்பார்கள். டாயன் என்றால் சூனியக்காரி. அப்படிப் பெயர் சூட்டப்பட்ட பெண்களை அடித்திருக்கிறார்கள். ஊரைவிட்டு விரட்டியிருக்கிறார்கள். கொன்றும் இருக்கிறார்கள். சில நேரம் அவளுடைய நிலத்தைப் பிடுங்குவதே உண்மையான நோக்கமாக இருந்திருக்கிறது.

இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. பீகாரில் 1999-இல் வந்தது. பிறகு சத்தீஸ்கரில் 2005-இல் வந்தது. ஒடிசாவில் 2013-இல் வந்தது. ராஜஸ்தானில் 2015-இல் வந்தது. அங்கெல்லாம் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லிக் கொடுமைப்படுத்துவது குற்றம். சிறைத்தண்டனை உண்டு.

ஒரு கரண்டி மோரை நிறுத்துவது சிறிய விஷயம் போலத் தெரியும். ஆனால் அந்தப் பாதை போய்ச் சேரும் இடம் இதுதான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. பழி போட்ட வீட்டில் யாரும் மாட்டின் மடியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். எதிர்வீட்டைத்தான் பார்ப்பார்கள். நோய் முற்றும். காம்பு செத்துப்போகும். பால் நிரந்தரமாகக் குறையும். கடைசியில் நஷ்டம் யாருக்கு?

அந்த வீட்டில் என்ன நடந்தது?

அந்த மருமகள் எழுத்தறிவு மையத்தில் படித்தவள். காலைப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றுவாள். மாலைப் பாலை உறை ஊற்றுவாள். சங்கத்தில் பால் அட்டை கொடுப்பார்கள். அதில் தினமும் பாலின் அளவும் கொழுப்பும் எழுதுவார்கள். முன்பெல்லாம் அட்டை மாடத்தில் கிடக்கும். யாரும் படிப்பதில்லை.

அன்று அவள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். போன வாரம் கொழுப்பு 4.2. பிறகு 3.9. பிறகு 3.4. பாலின் அளவும் குறைந்துகொண்டே வந்திருந்தது.

"அத்தை, இங்கே பாருங்க. எதிர்வீட்டு அக்கா நம்ம வீட்டுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. பால் அதுக்கு மூணு நாள் முன்னாடியே குறைய ஆரம்பிச்சிருக்கு."

மாமியார் பதில் சொல்லவில்லை. எழுந்து தொழுவத்துக்குப் போனார். மாட்டின் மடியைத் தடவிப் பார்த்தார். பின்பக்கக் காம்பு ஒன்று கல்லாக இருந்தது. தொட்டதும் மாடு உதைத்தது.

அன்றே கால்நடை மருத்துவர் வந்தார். ஊசி போட்டார். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் அந்தக் காம்பு போயிருக்கும்" என்றார். "நான் சொல்லும்வரை இந்தப் பாலைப் பயன்படுத்தாதீங்க. தொழுவத்தை ஈரம் இல்லாமல் வையுங்க. கறக்கும் முன் மடியையும் கையையும் கழுவுங்க" என்றார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் விடியற்காலையில் மத்துச் சத்தம் கேட்டது. சத்தம் மாறியது. வெண்ணெய் திரண்டது.

மாட்டைக் குணப்படுத்துவது எளிதாக இருந்தது. தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போவதுதான் மாமியாருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு செம்பில் மோரும், இலையில் ஓர் உருண்டை வெண்ணெயும் எடுத்துக்கொண்டு போனார். வாசலில் சிறிது நேரம் நின்றார்.

"தப்பாப் பேசிட்டேன்மா. மனசுல வச்சுக்காதே" என்றார்.

எதிர்வீட்டுப் பெண் உடனே செம்பை வாங்கவில்லை. "பிள்ளைங்க தினமும் கேட்டாங்க, பெரியம்மா. 'ஏம்மா மோர் இல்லை'ன்னு. நான் என்ன சொல்றது?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் செம்பை வாங்கினார்.

திரளாத வெண்ணெயை மறுநாள் திரட்டிவிடலாம். உடைந்த மனசைத் திரட்டுவது அவ்வளவு எளிதல்ல. அதனால் அடுத்த தடவை வெண்ணெய் திரளாவிட்டால் முதலில் பானையைப் பாருங்கள். தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். மாட்டின் மடியைப் பாருங்கள். பால் அட்டையைப் படியுங்கள். எதிர்வீட்டைப் பார்க்க வேண்டாம்.

பேசிப் பாருங்கள்

1. வெண்ணெய் திரளாததற்கு ஐந்து காரணங்கள் என்னென்ன?

2. மடிநோயை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

3. உங்கள் ஊரில் பால், தயிர், வெண்ணெய் பற்றி என்னென்ன நம்பிக்கைகள் உண்டு? எதில் அனுபவ அறிவு இருக்கிறது? எது மனிதர்களைப் புண்படுத்துகிறது?

4. உங்கள் வீட்டில் பால் அட்டை இருக்கிறதா? போன வாரம் கொழுப்பு எவ்வளவு என்று படித்துச் சொல்லுங்கள்.

5. எதிர்வீட்டுப் பெண்ணின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?